பன்னிரண்டாவது எச்சரிக்கை

இந்த நாற்காலி நன்றாக இருக்கிறது, ஐயா. எங்கள் ஆய்வுக்கூடத்தில் என் நாற்காலிக்கு இடது கை கிடையாது. எட்டு வருடம் வலப்பக்கம் சாய்ந்தே உட்கார்ந்து பழகிவிட்டேன். முதுகு வலிக்கும்போதுதான் இன்னும் முனைவர் பட்டம் வாங்கவில்லை என்பது நினைவுக்கு வரும். எனக்குப் பிறகு படிக்க ஆரம்பித்த என் மகள் இரண்டாம் வகுப்புக்குப் போய்விட்டாள். "மாப்பிள்ளை இன்னும் படிச்சுக்கிட்டுதான் இருக்காரா?" என்று மாமனார் வீட்டில் முன்பெல்லாம் கேட்பார்கள். இப்போது கேட்காமலே பரிதாபப்படுகிறார்கள்.

என் ஆய்வு சின்ன விஷயம்தான். மருத்துவமனையின் இதயப் பிரிவில் கட்டிலருகே இருக்கும் கருவிகள் அளக்கிற எண்களை ஒரு ப்ரோகிராம் படிக்கும். யாருக்காவது சில மணி நேரத்தில் இதயம் நின்றுவிடும் என்று அதற்குத் தோன்றினால், என் திரையில் அந்தக் கட்டில் சிவப்பாகும். என் திரையில் மட்டும். ப்ரோகிராமை நம்பலாமா என்று தெரியும்வரை வார்டில் யாருக்கும் சொல்லக் கூடாது. சொன்னால் அவர்கள் ஓடிப்போய்க் காப்பாற்றிவிடுவார்கள். கணிப்பு சரியா தப்பா என்பது தெரியாமலே போய்விடும். இதற்கு மௌனச் சோதனை என்று பெயர். அந்த விதியை எழுதியவர் என் வழிகாட்டிப் பேராசிரியர்.

அவர் கெட்டவர் இல்லை. "இன்னும் ஒரு ரிசல்ட் வரட்டும்பா, பார்க்கலாம்" என்பார், அவ்வளவுதான். அதைக் கேட்டுக் கேட்டே எனக்குத் தலை நரைத்தது. சாண் ஏறினால் முழம் சறுக்கியது. கடைசியாக ஆய்வேட்டைத் திருப்பிக் கொடுத்தபோது, பதினொரு முறை திரை சிவந்ததையும் பதினொரு நோயாளிகளும் நடந்தே வீட்டுக்குப் போனதையும் காட்டினார். "புலி வருது, புலி வருதுன்னு கத்துற ப்ரோகிராம்பா இது. இதுக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது?" என்றார். ஆய்வேட்டை வாங்கிக்கொண்டு வந்தேன். பதில் சொல்ல முடியாத காரணம் இருந்தது.

போன மாதம் நெஞ்சுவலி என்று அவரே அந்த வார்டில் சேர்ந்தார். ஒன்பதாம் கட்டில். செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு ஒன்பது சிவப்பானது. மருத்துவமனை எங்களுக்கு எதிர்க் கட்டடம்தான். நடந்து போனேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து என் நாலாம் அத்தியாயத்தைத் திருத்திக்கொண்டிருந்தார். அவர் மனைவி, நான் ரொம்ப இளைத்துவிட்டதாகச் சொல்லி இரண்டு ஆரஞ்சுச் சுளை கொடுத்தார்.

பேராசிரியர் கருவியைக் காட்டிச் சிரித்தார். "உன் ப்ரோகிராம் என்னைப் பத்தி என்னப்பா சொல்லுது?"

"சொல்லக் கூடாது சார். விதி."

"சபாஷ். இப்பதான் நீ ஆராய்ச்சியாளன்."

சுளை இனிப்பாக இருந்தது. அத்தியாயத்தை வாங்கிக்கொண்டு திரும்பி வந்து, அவர் சுழித்திருந்த பிழைகளைத் திருத்தினேன். எல்லாம் நியாயமான திருத்தங்கள். மூன்றேகாலுக்கு எண்கள் நின்றுவிட்டன. பன்னிரண்டாவது எச்சரிக்கை என்று எழுதி, எதிரே 'சரி' என்று குறித்தேன். எட்டு வருடத்தில் முதல் 'சரி'.

விதியைத்தான் கடைப்பிடித்தேன் என்று முதலில் உங்களிடம் சொன்னேன். நீங்கள் என் தொலைபேசி அழைப்புகளின் பட்டியலை எடுத்து மேசையில் வைத்துவிட்டீர்கள். இனி மழுப்பி என்ன ஆகப்போகிறது. ஆமாம், அந்தப் பதினொரு முறையும் வார்டுக்குக் கூப்பிட்டது நான்தான். "சிஸ்டர், நாலாம் கட்டிலைக் கொஞ்சம் பாருங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிடுவேன். பதினொரு பேரும் பிழைத்தார்கள். அதனால்தான் என் கணிப்பெல்லாம் பொய்யானது. முகம் தெரியாதவர்கள் சாவதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார என்னால் முடியவில்லை.

அன்றும் தொலைபேசி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. நான்கு மணி நேரத்துக்கு மேல் அவகாசமும் இருந்தது. கூப்பிட்டிருந்தால் அவர் பிழைத்திருப்பார். பிழைத்து வந்து, பன்னிரண்டும் பொய் என்று எழுதியிருப்பார். சாகட்டும் என்றுதான் கூப்பிடவில்லை.

வாக்குமூலத்தில் கோபம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், ஐயா. களைப்பு என்று எழுதுங்கள். புது வழிகாட்டி இளகிய மனசுக்காரர். வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குள் என்னை விட்டுவிடுவீர்கள் அல்லவா?