பொருத்தமான நன்கொடையாளர்

நன்கொடை தர வருகிறவர்களுக்கு முதலில் நல்ல ஃபில்டர் காபி கொடுத்துவிட வேண்டும். டம்ளர் காலியாவதற்குள் எதற்காக வந்திருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும்.

மலையோரக் கிராமங்களில் நெஞ்சு நோய்க்கு இலவச வைத்தியம் செய்வதுதான் மைசூரில் நான் நடத்தும் தொண்டு நிறுவனத்தின் வேலை. யாருடைய பணம் எங்கள் நோக்கத்துக்குப் பொருந்தும் என்று பார்த்துச் சொல்கிறவனும் நான்தான். பீடிக் கம்பெனிக்காரர்களை வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். விசாரிக்க வந்த நீங்கள் அதையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

பழைய நன்கொடையாளர் விலகி, மருத்துவ வேன் ஓடாமல் நின்றிருந்த சமயம். சாமராஜநகர்ப் பக்கம் கல்குவாரி நடத்துகிறவர்களின் அறக்கட்டளையிலிருந்து மாணிக்கவாசகம் வந்தார். மரியாதை தெரிந்த மனிதர். ஒரே ஒரு விருப்பம் சொன்னார். கல்தூசியால் நுரையீரல் கெட்டது என்று எங்கள் டாக்டர்கள் யாரிடமும் சொல்லக் கூடாது. டி.பி. என்று சொன்னால் போதும்.

எங்கள் டாக்டர் ரஞ்ஜிதா ஒப்புக்கொள்ளவில்லை. "இந்தக் காசு நமக்கு பேடா சார், வேண்டாம். நோயைக் குடுக்கறவங்ககிட்ட வாங்கிண்டு, நோயாளிகிட்ட பொய் சொல்லணுமா?" என்றாள். அப்படியானால் வேனுக்கு யார் டீசல் போடுவார்கள் என்று கேட்டேன். வேலையை விட்டுப் போனாள். டிரஸ்டிகளிடம் முழுப் பொருத்தம் என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

வேன் மறுபடி ஓடியது. குவாரியில் கல் துளைக்கிற சித்தையன், ஹனூர்க்காரன், மூச்சு வாங்க வந்தான். அவனுடைய எக்ஸ்ரேயைப் பார்த்த புது டாக்டர் அது கல்தூசிதான் என்று என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார்.

"மறுக்கா வேலைக்குப் போலாமுங்களா சார்?" என்று சித்தையன் என்னையே கேட்டான்.

அப்போதே நிறுத்தினால் இன்னும் சில வருஷம் இருப்பான். அது எனக்குத் தெரியும். டி.பி. மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் போகலாம் என்றேன். போனான். மழைக்காலம் முடிவதற்குள் செத்துப்போனான்.

அவன் மனைவி தேவம்மா அலுவலகத்துக்கு வந்தாள். "ஒரு நா கூட மாத்திரய உடலீங்க. நாந்தானுங்க எடுத்துக் குடுத்தேன். எங்கீங்க தப்பாப் போச்சு?"

நடுவில் எப்போதாவது விட்டுப்போயிருக்கும் என்றேன். இருக்கும் என்று தலையாட்டினாள். தன்மேல்தான் தப்பு என்று இன்றும் நினைக்கிறாள். ஒருவகையில் அது நல்லது. வேறு யாரையும் அவள் வெறுக்க வேண்டியதில்லை.

அவளை வெறுங்கையோடு நான் அனுப்பவில்லை. மாணிக்கவாசகத்திடம் பேசி, அவள் மகன் மனோஜ்குமாரை அப்பா பார்த்த அதே வேலையில் சேர்த்துவிட்டேன். என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

சித்தையன் ஒருவன் மட்டும் இல்லை என்கிறீர்கள். இல்லைதான். எல்லோரிடமும் தெரிந்தேதான் டி.பி. என்று சொன்னேன். அந்த வேன் நின்றுபோனால், ஊர்களில் மூச்சுத் திணறுகிற குழந்தைகளுக்கு நீங்களா மருந்து கொண்டுபோகப் போகிறீர்கள்?

மனோஜ்குமாருக்கும் இப்போது இருமல் என்கிறீர்கள். கவலைப்படாதீர்கள். வியாழக்கிழமை எங்கள் வேன் அந்தப் பக்கம்தான் போகிறது.