காலையில் பார்த்த நீலம்

போன வாரம் கேம்ப் பகுதியிலிருந்து ஏரவாடா போகும் டவுன் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். மடியில் ஆஸ்பத்திரிக் கவர் வைத்திருந்த அந்த அம்மாள் உரக்கவே தமிழில் சொன்னாள்:

“நல்லவேளை, என் வயித்துல பலூன் வெடிக்கல.”

“மெதுவாப் பேசு.”

“இந்த மராத்திக்கார ஊர் பஸ்ல யாருக்குங்க தமிழ் தெரியும்?”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பசியைக் குறைக்க அவள் இரைப்பைக்குள் நாலு மாதமாக ஒரு பலூன் இருப்பது பேச்சுவாக்கில் தெரிந்தது.

“ஒழுகினா உள்ள இருக்கிற நீலத் தண்ணி ஒண்ணுக்கோட வரும்னு டாக்டர் சொன்னாருல்ல? காலைல டாய்லெட்ல அத்தனை நீலத்தைப் பாத்ததும், பலூன் சுருங்கிக் குடலை அடைச்சு செத்தேன்னே நெனச்சேன்.”

“அதான் ஸ்கேன்ல முழுசா இருக்குன்னுட்டாங்களே.”

“அப்ப அந்த நீலம் எங்கேருந்து வந்துச்சு? டாக்டருக்கே புரியல.”

அவர் அவள் பக்கம் குனிந்தார்.

“நேத்து ராத்திரி நீ தூங்கினப்புறம் ஃப்ளஷ் டேங்க்ல வாசனை மாத்திரை ஒண்ணு போட்டேன். நீலக் கலர்.”

“இதை அங்கேயே சொல்றதுக்கென்ன?”

“நீ அழுத அழுகையில எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. ஸ்கேன் முடிஞ்சப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. டாக்டர் முன்னாடி சொல்ல வெக்கமாயிடுச்சு.”

திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன். கவரால் அவர் தோளில் ஒன்று வைத்துவிட்டு, பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள்.

“காலைலேருந்து நீங்க ஒண்ணுமே சாப்பிடல. இறங்கினதும் வடா பாவ் வாங்கிக்குங்க.”

“உனக்கு?”

“ஒரு கடி போதும். அதான் பலூன் பத்திரமா இருக்கே.”