கிளேபோர்ன் தெருக் கம்பி வேலி

ஹலோ... ஆமா, பன்னெண்டாம் நம்பர் டோரீன்தான்... ஓ, தலைவரே, நீங்களா. உங்க ஜன்னல் திரை ஆடும்போதே நினைச்சேன்... ஆமா, ஆமா, கட்டிங் மெஷின்தான். எங்க வீட்டுக்காரரோட பட்டறைக் கூட்டாளி லென் கொண்டாந்திருக்காரு. வாசல் கம்பி வேலியைத்தான் அறுக்கப் போறோம்... சொல்லுங்க, கேட்டுட்டுத்தான் இருக்கேன்.

... தெரியுமே. தெருவோட பழமையைப் பாதுகாக்கற உங்க சங்கம் சொல்லாம ஒரு ஆணி அடிக்கக் கூடாது. அதான் மூணு கடுதாசி போட்டேனே. எங்க வீட்டுக்காரரு பக்கவாதம் வந்த மனுஷன், சக்கர நாற்காலி அந்தக் கேட்டுல நுழையாது, நாலே நாலு கம்பி எடுத்துட்டு சாய்வுப் பலகை போட்டுக்கறேன்னு... ம்... அதேதான், "தெருவோட அழகு கெட்டுடும்"னு பதில் போட்டீங்க. எழுதும்போது கை கூசலியா?

... பின்பக்கமாவா? பின்னாடி பதினோரு படி. நீங்க வந்து தூக்கறீங்களா?... ஆமா ஆமா, இடுப்பு வலி இருக்கும். நாள் பூரா ஜன்னல்லயே நின்னா வலிக்கத்தான் செய்யும்.

... அடுத்த மாசக் கூட்டம் வரைக்கும் பொறுக்கணுமா? எதுக்கு, ஞாயித்துக்கிழமை பழைய வீடுகளைச் சுத்திப் பாக்க வர்ற ஜனங்க முகம் சுளிக்கும்னா?... இருங்க, நான் முடிச்சுடறேன். இன்னைக்கு அவரை வீட்டுக்கு அனுப்பறாங்க, வாசல் சரியா இல்லேன்னா ஆஸ்பத்திரியிலேருந்து நேரா காப்பகத்துக்கு அனுப்பிடுவாங்க. முப்பது மைல். நான் பஸ்ஸுல போய் பாத்துட்டு வரணும், அவரு அங்கயே கெடந்து சாகணும். அது உங்களுக்கு அழகா?

... பழைய ராணி காலத்து வீட்டுல குடியிருந்தா சில சௌகரியத்தை விட்டுக்கொடுக்கணுமா. அப்படியா. அப்ப நீங்க கொல்லைப்பக்கக் கக்கூஸுக்கா போறீங்க? ராணி காலத்துல அங்கதான் இருந்துச்சு... கோவப்படாதீங்க. உங்க வீட்டுல மாடியில ரெண்டு, கீழ ஒண்ணு, குளிருக்கு இதமா தரைகூட சூடா இருக்குமாம். குழாய்க்காரரு சொன்னாரு. நேத்து பேஞ்ச மழையில இன்னைக்கு முளைச்ச காளான், நாலு வருஷம் முன்னாடி லண்டன்லேருந்து வந்துட்டு எனக்கு இந்தத் தெருவைப் பத்திப் பாடம் எடுக்கறீங்க.

... என்னது, நூத்தம்பது வருஷத்துக் கம்பியா?... இல்ல, சிரிக்கல... சரி, சிரிக்கறேன். தலைவரே, யுத்த காலத்துல குண்டு செய்ய இரும்பு வேணும்னு சர்க்கார் ஆளுங்க லாரியோட வந்து இந்தத் தெருக் கம்பி ஒண்ணு விடாம அறுத்து அள்ளிட்டுப் போயிட்டாங்க. வேலிக்கு அடியில இருக்கற கல்லுல விரல் வச்சுப் பாருங்க, பழைய கம்பியோட கட்டை தட்டுப்படும். அதுக்கப்புறம் நாப்பது வருஷம் தெரு மொட்டையாத்தான் கெடந்துச்சு... இப்ப நிக்கறதா? எண்பத்திநாலுல செஞ்சது.

... எப்படித் தெரியும்னா? உங்க சங்கத்துப் புத்தகத்துல, கம்பிக்கு அடியில இருக்கற "டபிள்யூ. பி." ஏதோ பழைய இரும்பாலை முத்திரைன்னு ரெண்டு பக்கம் எழுதியிருக்கீங்களே. அது வில்ஃப் பௌகர். எங்க வீட்டுக்காரரு. ஒரு குளிர்காலம் பூரா பட்டறையில நின்னு இருபத்தாறு வீட்டுக்கும் அடிச்சாரு. அதைப் படிச்சுட்டு நாங்க ரெண்டு பேரும் வயிறு நோவச் சிரிச்சோம். போய்ச் சொல்லவான்னு கேட்டேன். வேண்டாம், அந்தாளு சந்தோஷமா இருந்துட்டுப் போகட்டும்னுட்டாரு.

... ம்... ம்... ஓ, இப்ப அவரு பெரிய மனுஷராயிட்டாரா. பித்தளைத் தகட்டுல பேரு போடுவீங்களா... ஞாயித்துக்கிழமை வர்றவங்ககிட்ட ரெண்டு வார்த்தை பேசணுமா.

... பேச மாட்டாரு... இல்ல, கோவம் இல்ல. பேச்சு போயிடுச்சு. மூணாவது கடுதாசியில எழுதியிருந்தேன். நீங்க படிக்கவே இல்ல.

... சரி. சரி. மன்னிப்பெல்லாம் நீங்களே வச்சுக்கோங்க... என்ன? இன்னொரு தடவை சொல்லுங்க... அவரு கையால செஞ்சதுன்னா கண்டிப்பா அறுக்கக் கூடாதா?

... மனுஷனாய்யா நீ?

... லென், நீங்க ஆரம்பிங்க. அரை மணியில அவரை ஏத்திக்கிட்டு ஆம்புலன்ஸ் வந்துரும்... இல்ல தலைவரே, உங்ககிட்ட பேசல... என்ன?... கேக்கல... கத்துங்க, கத்துங்க, இங்க ஒண்ணும் கேக்கல.