மூடாத விண்டோ

ஹலோ! அட்டவணை செக்‌ஷனா? அக்கா, நான்தான், கம்ப்யூட்டர் ரூம்லேருந்து... ஆமா, ஆமா, சுற்றறிக்கை அனுப்பறவன்தான்... அக்கா, ஒரே ஒரு கேள்வி. உங்க கம்ப்யூட்டர்ல அந்தக் கறுப்பு விண்டோ இன்னும் திறந்திருக்கா?... இல்லக்கா, மூடாம வெச்சதுக்குத் திட்டக் கூப்பிடல... சத்தியமா!... ஐயோ மூடாதீங்க! மவுஸ்லேருந்து கையை எடுங்க! எடுத்துட்டீங்களா?... அப்பாடா.

என்னது, ரெண்டு இருக்கா? நேத்துலேருந்தா? ஒண்ணுல நாளைய பஸ் அட்டவணை ஓடிட்டிருக்கு, இன்னொண்ணு சும்மா... நல்லதாப் போச்சுக்கா. ரொம்ப நல்லதாப் போச்சு.

...ஆமா, எல்லாரும் அதையேதான் சொல்றாங்க. பாஸ்வேர்ட் சரியா அடிச்சாலும் ஒரு நொடியில வெளியே தள்ளுதாம். டிப்போக்காரங்க, சம்பள செக்‌ஷன், எல்லாரும்... நானும்தான்... ஆமாக்கா, நானும்தான்! எத்தனை தடவை சொல்லச் சொல்லுவீங்க?

...எப்படின்னா... ஒரு சின்ன பாதுகாப்பு ஏற்பாடு. யார் உள்ளே வந்தாலும் மெஷின் முதல்ல ஒரு பொது ஃபைலைப் படிக்கும் இல்லையா, அதுல ஒரு வரி சேர்த்தேன்... யாருக்காகவா? பொதுவாத்தான். பொதுவா ஒருத்தருக்காக... அது இப்ப எதுக்குக்கா? அந்த ஒருத்தர் உள்ளே வந்தா மட்டும் வெளியே தள்ளணும். வேலை செய்யுதான்னு பாக்க, பேரை எடுத்துட்டு ஒரு தடவை என்மேலயே சோதிச்சேன்... செஞ்சுது. ரொம்ப நல்லா வேலை செஞ்சுது, பேர் இல்லாததால எல்லாரையும் தள்ளிடுச்சு.

...ஆமா, சோதிக்கறப்ப ஒரு விண்டோவைத் திறந்து வெச்சுக்கணும்னு நான்தான் எழுதினேன். ஒன்பதாவது சுற்றறிக்கை... அதெல்லாம் படிச்சீங்களா?

...மெஷினை அணைச்சுப் போட்டா உங்க அட்டவணை பாதியில போயிடுமே. ஆறு மணி நேரக் கணக்குன்னு நீங்கதானே... விண்டோவை மூடினா கணக்கு நின்னுடும்னு மூணு தடவை எழுதிக் கொடுத்தீங்களா? அதனாலதான் மூடறதில்லையா?... நான் பாக்கல. அந்தக் காகிதமெல்லாம் இங்கேதான் எங்கேயோ இருக்கும்... தப்புதான். தப்புதான்க்கா.

இப்ப மணி மூணு இருபது. நாலு மணிக்கு மூணு டிப்போவும் உள்ளே வந்து அட்டவணையை எடுக்கணும். இல்லன்னா நாளைக்குக் காலையில எந்த டிரைவருக்கு எந்த வண்டின்னு தெரியாது. மேனேஜர் ரெண்டு தடவை எட்டிப் பாத்துட்டார். என் வேலை உங்க கையில இருக்குக்கா.

அந்தச் சும்மா இருக்கிற விண்டோ. எஸ், யூன்னு அடிங்க, மெஷினோட தலைமை அதிகாரம் கிடைக்கும். அவ்வளவுதான். பின்னாடி கோடு போடாதீங்க! கோடு போட்டா அந்த ஃபைலைப் படிச்சுட்டு அங்கேயும் வெளியே தள்ளிடும்... தெரியுமா? எப்படித் தெரியும்?... பன்னிரண்டாவது சுற்றறிக்கையிலயா? அதை நானே மறந்துட்டேன்.

தலைமை பாஸ்வேர்ட் கேக்குதா?... ம்... அது வந்து... பக்கத்துல யாராவது இருக்காங்களா?... ஃபோன்ல சொல்லக்கூடாதுதான், இது அவசரம்... ஒண்ணுலேருந்து எட்டு வரைக்கும்... வரிசையாத்தான்... ஆமா, உங்களையெல்லாம் பதினாலு எழுத்து வைக்கச் சொன்னேன். சிரிக்காதீங்கக்கா... போதும்க்கா, சிரிச்சது போதும்.

அந்தப் பொது ஃபைல் திறந்துதா? கடைசிக்குப் போங்க. ரெண்டு வரி இருக்கும். மேல இருக்கறதைப் படிக்காதீங்க, கீழே இருக்கறதை மட்டும் எடுத்துடுங்க... படிச்சுட்டீங்களா?... ‘மூடாத அக்காவுக்கு ஒரு பாடம்’... ஆமா, நான்தான் எழுதினேன்... எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்கன்னு... இல்ல, எல்லாரும் இல்ல. நான்தான் சொல்லிட்டுத் திரியறேன்.

அக்கா?... அக்கா, இருக்கீங்களா?... மன்னிச்சுக்குங்க. மனசாரத்தான் சொல்றேன்... இல்ல, நாலு மணிக்காகச் சொல்லல... சரி, கொஞ்சம் அதுக்காகவும்தான்.

...எடுத்துட்டீங்களா? சேமிச்சாச்சா? இருங்க, முயற்சி பண்றேன்... பேரு... பாஸ்வேர்ட்... உள்ளே போயிட்டேன்! அக்கா, உள்ளே போயிட்டேன்! நீங்க தெய்வம்க்கா!... என்ன, இன்னும் ஒரு நிமிஷம் வேலை இருக்கா? தாராளமா பண்ணுங்க, இன்னைக்கு நீங்க என்ன வேணா பண்ணலாம்.

வாங்க சார், வாங்க... ஆமா சார், சரி பண்ணிட்டேன்... சிக்கலான கோளாறுதான் சார், வேற யாரா இருந்தாலும் திணறியிருப்பாங்க. ஒத்தை ஆளா கண்டுபிடிச்சு... இவங்களா? அட்டவணை செக்‌ஷன் சார், சும்மா தகவல் சொல்லிட்டிருக்கேன்... நீங்க இந்த மெஷின்லயே முயற்சி பண்ணிப் பாருங்க சார்.

...ஹலோ, அக்கா... கேட்டுச்சா? எல்லாமேவா?... அது மேனேஜர்கிட்ட ஒரு பேச்சுக்கு...

என்ன சார்? திரையில என்ன வருது?... ‘இன்று நீங்கள் உள்ளே வர முடிந்தது, ஒருத்தி தன் விண்டோவை மூடாததால். இப்படிக்கு, மூடாத அக்கா.’

...அக்கா, இது எல்லாருக்கும் வருமா?... மூணு டிப்போவுக்குமா?... விளக்கிச் சொல்றேன் சார், ஒரு நிமிஷம்... அக்கா, பரவாயில்ல, அதை நானே எடுத்துக்கறேன். நீங்க அந்தச் சும்மா இருந்த விண்டோவை மட்டும் மூடிடுங்க... என்னது, ‘எடுத்துப் பாரு’வா? ஏன், தலைமை பாஸ்வேர்ட் எனக்குத் தெரியுமே, ஒண்ணுலேருந்து எட்டு... மாத்திட்டீங்களா? எப்ப?... பதினாலு எழுத்தா?... சரி, நான்தான் சொன்னேன், சரி. புதுசு என்னன்னு சொல்லுங்க, மேனேஜர் பாத்துட்டிருக்கார்...

ஃபோன்ல சொல்லக்கூடாதா? யாருக்கா அப்படிச் சொன்னது?

...பதினோராவது சுற்றறிக்கை.

அக்கா... ஹலோ?... ஹலோ!