மூன்றாம் தொட்டியும் ஒரு வெற்றுக் கட்டமும்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் எங்கள் செய்கைச் சங்கத்தின் தலைவர் யூர்கன் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும், அமரர் பேர்பெச்சுவா அக்காவின் கணவர் லோறன்ஸ் அண்ணை அவர்களே, நான் தமிழில் பேசப்பேச அதை ஜெர்மன் மொழியில் சொல்ல முன்வந்திருக்கும் அவர்களது மகள் லவினியா அவர்களே, சங்கத்து உறவுகளே, தேவாலயத்திலிருந்தும் நீச்சல் குளத்திலிருந்தும் வந்திருப்பவர்களே, அனைவருக்கும் சிறீதரனின் பணிவான வணக்கம்.

ஒன்றை முதலே சொல்லிவிடுகிறேன். நான் பேசுவது யூர்கனுக்கு அரை நிமிடம் பிந்தித்தான் போய்ச் சேரும். இன்று அந்த அரை நிமிடம் எனக்குத் தேவைப்படும்.

மூன்று வாரங்களுக்கு முன் பேர்பெச்சுவா அக்காவை நல்லடக்கம் செய்தோம். வயதில் என்னைவிட இரண்டு ஆண்டு இளையவர். ஆனாலும் எனக்கும் அக்கா, உங்களுக்கும் அக்கா, யூர்கனுக்கும் அக்கா. பூசையில் அவரது பாடகர் குழுவைப் பற்றிச் சொன்னார்கள். மறைக்கல்வி வகுப்பைப் பற்றிச் சொன்னார்கள். கடைசி இரண்டு ஆண்டுகளாக வாரத்தில் ஐந்து நாள் அவர் எங்கே போனார் என்பதை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. நான் குறை சொல்லவில்லை. தேவாலயத்தில் நின்றுகொண்டு கஞ்சா என்ற சொல்லை யார்தான் சொல்வார்கள்? ஆகவே அதை இங்கே நான் சொல்கிறேன். சட்டம் இடம் தந்த பிறகு, அன்ராக் என்ற விண்ணப்பம் எழுதி, அனுமதிக்கு மாதக்கணக்கில் காத்திருந்து, உறுப்பினர்கள் தங்களுக்காகவே கஞ்சா வளர்க்கும் சங்கம் இது. அந்தச் சங்கத்தின் தண்ணீருக்குப் பொறுப்பாளர் அமரர் பேர்பெச்சுவா லோறன்ஸ் அவர்கள்.

"எங்கை போறியள் அக்கா?" என்று டோர்ட்மண்ட் நகரில் யார் கேட்டாலும் அவரிடம் ஒரே பதில்தான். "தண்ணி பாக்கப் போறன்." அதில் பொய் ஏதாவது உண்டா?

மன்னாரிலிருந்து புறப்பட்டு, எண்பத்தாறில் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கியவர். நீச்சல் குளத்தில் தரை துடைக்கும் வேலைக்குச் சேர்ந்தார். நாற்பத்தொரு வயதில், பிள்ளைகளின் வயதுக்காரரோடு வாங்கில் அமர்ந்து அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சியை முடித்தார். அதற்குப் பிறகு இருபத்திரண்டு ஆண்டுகள், குளத்துக்குக் கீழே, இயந்திர அறையில், தண்ணீரோடு வாழ்ந்தார். மேலே நீந்தியவர்களுக்கு அவர் முகம் தெரியாது. யூர்கனுக்குத் தெரியும். ஒருநாள் தண்ணீர் கண்ணைக் கரிக்கிறது என்று முறையிடக் கீழே இறங்கிப் போனவர், கரிப்பது தண்ணீரல்ல, அவர் குளிக்காமல் குதித்ததால் வியர்வை குளோரினோடு சேர்ந்ததுதான் என்று அக்காவிடம் விளக்கம் கேட்டுத் திரும்பியவர். அக்கா ஓய்வு பெற்றதும் யூர்கன் வீடு தேடிப் போய்ச் சங்கத்துக்கு அழைத்ததன் காரணம் அந்த விளக்கம்தான். தனக்குரிய பங்கை அக்கா ஒருநாளும் எடுத்ததில்லை. முப்பது ஆண்டுகள் உணவகச் சமையலறையில் நின்று தேய்ந்த முதுகோடு நான் என் பங்கை வாங்கும்போது, "அளவாய் அண்ணை" என்பதோடு சரி.

சென்ற ஆடி மாதத்துக்கு வருகிறேன். எங்கள் முதல் பயிர். தேவாலயத்திலிருந்து வந்தவர்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், அதனால் சொல்கிறேன். மண்ணே கிடையாது. சத்துக் கலந்த தண்ணீரில் வேர் தொங்கும். அடியிலிருந்து பம்பி காற்றைக் குமிழியாக விட்டுக்கொண்டிருக்கும். ஆறு தொட்டிகள், ஒவ்வொன்றிலும் ஆறு செடிகள், எல்லாவற்றையும் இணைக்கும் ஒரு குழாய். ஒரு தொட்டியில் கேடு வந்தால் ஆறுக்கும் வரும். அந்தப் பயிர் போனால் உறுப்பினர்கள் விலகிவிடுவார்கள், சங்கம் கலைந்துவிடும். அப்படியொரு நிலையில்தான் இருந்தோம்.

வெக்கை நாள். மூன்றாம் தொட்டிச் செடிகள், தண்ணீருக்குள் நின்றுகொண்டே தாகத்தில் வாடியவை போல இலையைத் தொங்கப்போட்டன. உரம் காணாது என்றார் ஒருவர். வெளிச்சம் கூடிவிட்டது என்றார் இன்னொருவர். அக்கா மூடியைத் தூக்கினார், குனிந்து முகர்ந்து பார்த்தார். பழைய குட்டையின் நாற்றம். வேரைத் தூக்கிக் காட்டினார். வெள்ளையாக இருக்க வேண்டியது பழுப்பேறி, கையில் வழவழவென்று ஒட்டியது.

"இது பசியில்லை, வேர் அழுகுது. இனி உரத்தை ஊத்தினா, செத்த ஆளுக்குச் சோறு தீத்திற மாதிரி."

முதலில் அவர் செய்தது என்ன? இணைப்புக் குழாயின் வால்வைப் பூட்டினார். அதனால் மற்ற ஐந்து தொட்டிகளும் தப்பின. பிறகு தொட்டியை வெறுமையாக்கி, குழாயையும் குமிழி விடும் காற்றுக் கல்லையும் கழற்றிக் கழுவி, ஒவ்வொரு செடியாகத் தூக்கி அழுகிய வேரை நறுக்கி, கிருமி கொல்லும் பெரொக்சைட்டை அளந்து கலந்த தண்ணீரில் அலசினார். ஒரு செடிக்குப் பிடித்த கத்தரிக்கோலைத் துடைக்காமல் அடுத்த செடிக்குப் போகவில்லை. மூடியின் இடைவெளியால் வெளிச்சம் உள்ளே போகிறது என்று கண்டு அதையும் ஒட்டினார். தண்ணீர் இருபத்தாறு பாகையில் இருந்தது. "சுடுதண்ணியிலை காத்து நிக்காது, வேர் மூச்செடுக்கேலாது, இருபதுக்குக் கொண்டு வரவேணும்" என்றார். குளிரூட்டி வாங்குவதற்கு நாள் எடுக்கும். என்ன செய்வது?

லோறன்ஸ் அண்ணை, உங்களைச் சபையில் கொஞ்சம் மாட்டிவிடப் போகிறேன், மன்னியுங்கள். கஞ்சாவென்றால் முகத்தைத் திருப்புகிற நீங்கள், வீட்டு உறைபெட்டியிலிருந்த மீனையெல்லாம் அயலவருக்குக் கொடுத்துவிட்டு, தண்ணீர்ப் போத்தல்களை உறையவைத்து, காலையும் மாலையும் கொண்டுவந்தீர்கள். உள்ளே ஒருநாளும் வரவில்லை. வாசலில் நின்று பையை நீட்டி, "இந்தாரும்" என்பீர்கள், போய்விடுவீர்கள். ஒன்பது நாள். மூடி இறுக்கிய போத்தல்களை அக்கா தொட்டிக்குள் மிதக்கவிட்டு மாற்றி மாற்றிப் போட்டார். ஒன்பதாம் நாள் காலை எனக்குத் தொலைபேசி வந்தது.

"சிறீ அண்ணை, வந்து பாருங்கோ. வெள்ளை வந்திட்டுது."

போய்ப் பார்த்தேன். பழுப்புக் கட்டைக்குப் பக்கத்தில் நூல் போல நான்கைந்து புது வேர்கள். இரண்டு செடிகள் போய்விட்டன. நான்கு பிழைத்தன. மற்ற முப்பதும் கெடவில்லை. எங்கள் முதல் அறுவடை நிறைவாக வந்தது, சங்கம் நின்றது. அன்று அக்கா சிரித்த சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு மனம் குளிர்கிறது.

இதுவரை சொன்னது உங்கள் எல்லோருக்கும் தெரியும். இனிச் சொல்லப்போவது இருவருக்கு மட்டுமே தெரியும். அதில் ஒருவர் இல்லை.

அவரது படத்துக்கு முன்னால் நீலக் கையுறையும் ஒரு கொப்பியும் இருக்கின்றன. அது தண்ணீர்ப் பதிவுக் கொப்பி. தொட்டிக்குள் எது போனாலும் அதில் எழுத வேண்டும், போட்டவர் பெயரும் எழுத வேண்டும். மூன்றாம் தொட்டி வாடிய நாளின் பக்கத்தில் அக்கா மூன்று காரணம் எழுதியிருக்கிறார். சூடு. மூடியில் இடைவெளி. மூன்றாவது, 'வெளிப்பொருள், ஒரு சிறு போத்தல்.' அதற்கு நேரே, போட்டவர் என்ற கட்டம் வெறுமையாக இருக்கிறது.

யூர்கன் அதைக் கண்டு கொதித்தது உங்களுக்கு நினைவிருக்கும். எழுதாமல் போட்டவர் எவராயினும் சங்கத்தில் இருக்கமாட்டார் என்றார். யார் என்று அக்காவைக் கேட்டார். "எழுத வேண்டிய ஆள் எழுதுவார்" என்றார் அக்கா. அதற்கு மேல் ஒரு சொல்லும் வாங்க முடியவில்லை.

அந்த ஆள் நான்தான்.

லவினியா, நிறுத்தாதேங்கோ பிள்ளை, அப்படியே சொல்லுங்கோ.

செடி வாடியதற்கு முந்திய வாரம் கோயிலில் தேர். அபிசேகத் தீர்த்தம் ஒரு சின்னப் போத்தலில் கொண்டுவந்தேன். பால், மஞ்சள், துளசி எல்லாம் கலந்தது. முதல் பயிர் நன்றாக வரட்டும் என்று, ஒருவரும் பார்க்காத நேரம் மூன்றாம் தொட்டிக்குள் ஊற்றினேன். கும்பிட்டுத்தான் ஊற்றினேன். வேர் அழுகிய பிறகும் வாயைத் திறக்கவில்லை. நல்லெண்ணத்தோடு ஊற்றினேன் என்று சொல்லலாம். நல்லெண்ணத்தோடு ஒளித்தேன் என்று சொல்ல முடியுமா?

இயந்திர அறையில் வாழ்ந்தவர் தொட்டியைக் கழுவும்போது எதைத் திறப்பார்? குழாயின் வடிகட்டியை. அதில் ஒரு துளசி இலை. அதைத் தாளில் மடித்து, தனியே கூப்பிட்டு, என் கையில் வைத்தார்.

"அண்ணை, இது உங்கட. கும்பிடுறதெண்டால் வாசலிலை நிண்டு கும்பிடுங்கோ. என்னட்டையும் கெவலார் மாதா கோயில் மந்திரிச்ச தண்ணி இருக்கு. நான் ஊத்தினனே?"

என்னைக் காட்டிக்கொடுத்துவிடாதீர்கள் என்று கெஞ்சினேன். வெட்கத்தோடு சொல்கிறேன், கெஞ்சினேன்.

"நான் உங்கட பேரை எழுதமாட்டன். ஆனால் கட்டத்தை அடைக்கவும் மாட்டன். நீங்கள் எழுதுவியள். அவசரமில்லை."

அதற்குப் பிறகும் அதே தேநீர், அதே பகிடி. ஒரு குத்தல் கதை கிடையாது. ஒவ்வொரு மாதமும் கொப்பியின் பக்கம் புரளும்போது நான் அந்தக் கட்டத்தைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். அவசரமில்லை என்றவருக்கு நேரம் இருக்கவில்லை. எங்கள் அக்கா உயிரோடு இருக்கும்போது எழுதியிருந்தால் எவ்வளவு சந்தோசப்பட்டிருப்பார். அதை நினைத்துத்தான் அழுகிறேன், வேறொன்றுக்கும் இல்லை.

கொஞ்சம் பொறுங்கள். பேனையை எடுக்கிறேன்.

எழுதிவிட்டேன். யூர்கன், இதற்கு மொழிபெயர்ப்புத் தேவையில்லை, உங்கள் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். பாருங்கள்.

சபையோரே, மனம் இப்போது இலேசாக இருக்கிறது. அக்காவுக்குப் பூ வைப்போம், ஒரு நிமிடம் எழுந்து நிற்போம். அதற்கு முன் என் வாக்கையும் கேளுங்கள். நாளைக் காலை ஏழு மணிக்கு மூன்றாம் தொட்டியின் சூடு பார்க்க வேண்டும். சங்கம் அனுமதித்தால் நான் பார்ப்பேன், பார்த்ததை எழுதுவேன், என் பெயரோடு எழுதுவேன். அனுமதிக்காவிட்டால் அதுவும் நியாயம்தான். அப்போது வீட்டில் போத்தல்களை உறையவைத்து, லோறன்ஸ் அண்ணையைப் போல, வாசலில் நின்று கொடுத்துவிட்டுப் போவேன்.