பிரிக்காத கவர்

போனை எல்லாம் கொஞ்சம் கீழ வைங்க. ஒரு சின்னக் கதை சொல்லிட்டு விட்டுர்றேன். அண்ணாச்சி, உங்களத்தான்... வாட்ஸ்அப் எங்கயும் ஓடிராது.

அம்பாசமுத்திரத்துல ஆவுடையப்பன்னு ஒரு பத்திர எழுத்தர். நாப்பது வருஷம் ஊருக்கே உயில் எழுதினவர். ஒருநாள் மகள் கோமதியைக் கூப்பிட்டு ஒட்டின கவர் ஒண்ணு குடுத்தாரு. மேல ‘உயில்’னு எழுதியிருக்கு. “நேரம் வரும்போது பிரிம்மா.” அவ்வளவுதான். வேற ஒரு வார்த்தை சொல்லல.

ஆறு மாசத்துல மனுஷனுக்கு மூளையில ரத்தக் கசிவு. ஐசியூ வாசல்ல டாக்டர் சொல்றாரு: “பிழைக்கிறது கஷ்டம். மூச்சுத் திணறுது. குழாய் போட்டு மெஷின்ல வைக்கணுமா, வேண்டாமா? உடனே சொல்லுங்க.”

கோமதி கைப்பையைத் திறக்கா. அந்தக் கவர்! அண்ணன் உலகநாதன் பாத்துட்டான்.

“ஏட்டி! என்னது அது?”

“அப்பா குடுத்தாங்கண்ணே... நேரம் வரும்போது பிரின்னாங்க...”

“எந்த நேரம்? அப்பா நெஞ்சு இன்னும் ஏறி இறங்குதுட்டி! உயிரோட இருக்கும்போதே உயிலைப் பிரிப்பியோ? சொத்து அவ்வளவு அவசரமா உனக்கு?”

சொந்தக்காரங்க இருபது பேர் நிக்காங்க. எந்தப் பொம்பளைப் பிள்ளை அதுக்கு மேல பேசும்? நீங்க பேசுவீங்களா? கைப்பையை மூடிட்டா. அண்ணன் கையெழுத்துப் போட்டான்... குழாய் உள்ள போச்சு.

பத்தொன்பது நாள்... பத்தொன்பது நாள்யா! குழாயைப் பிடுங்கப் பிடுங்க வந்தாருன்னு ரெண்டு கையையும் கட்டில் கம்பியில கட்டிப் போட்டாங்க. அப்படியே போய்ச் சேந்தாரு.

பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு, எல்லாரையும் வச்சு உலகநாதன் கவரைப் பிரிச்சான். சத்தமா வாசிக்கான்.

“இது சொத்து உயில் அல்ல. பிழைக்க வழியில்லை என்று மருத்துவர் சொன்னால் என் தொண்டையில் குழாய் போட வேண்டாம். வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள். என் சார்பில் முடிவு சொல்ல வேண்டியவள் என் மகள் கோமதி.”

கீழ ரெண்டு சாட்சி. நோட்டரி முத்திரை. எல்லாம் பக்கா!

உலகநாதன் தங்கச்சி பக்கம் திரும்பினான். “ஏட்டி... அப்பா கையைக் கட்டுறதுக்கும் நான்ல கையெழுத்துப் போட்டேன்...”

யார் மேல தப்புங்க? மகன் மேலயா? அவன் பாசத்துல செஞ்சான். மகள் மேலயா? அவ மானத்துக்குப் பயந்தா. எனக்குக் கோவம் எல்லாம் ஆவுடையப்பன் மேலதான்! செத்தப்புறம் பிரிக்கிற உயில் மாதிரியே இதையும் ஒட்டிக் குடுத்துட்டாரே! உயிரோட இருக்கும்போதே வாசிக்க வேண்டியதாச்சே அது!

எழுதுங்க... கண்டிப்பா எழுதுங்க. ஆனா ஒட்டாதீங்க. பிள்ளைகளைக் கூப்பிட்டு உக்கார வச்சு வாசிச்சுக் காட்டுங்க. “என்னப்பா இது, நல்ல நாளும் அதுவுமா”ன்னு எந்திரிச்சா, கையப் பிடிச்சு உக்கார வைங்க. நம்ம வாய் அடைச்சுப் போற அன்னைக்கு அந்தப் பிள்ளைதான்யா டாக்டர் முன்னாடி நிக்கணும். என்ன சொல்லணும்னு தெரியாம அதைத் தனியா நிக்க விட்டுட்டுப் போயிராதீங்க.