திரும்பி வரும்போது ஆடிய பைக்

“…போகும்போது ஆடலைங்க, திரும்பி வரும்போதுதான் பேய் பிடிச்ச மாதிரி ஆடுது.”

பெரகல சந்தியில் பஸ்ஸுக்கு நின்ற நான், பைக்குக்குமா பேய் பிடிக்கும் என்று திரும்பிப் பார்த்தேன். பக்கத்து கராஜில் ஒருவர் பைக்கை நிறுத்திவிட்டு நின்றிருந்தார். கராஜ்காரர் டயரை அமுக்கினார், ஹேண்டிலை அசைத்தார்.

“தூங்கிக்கிட்டு ஓட்டுனீங்களாண்ணே? ஒண்ணும் பழுதில்லையே. போகும்போது பின்னுக்கு யாரு?”

“வீட்டுக்காரி. குவைத்துக்கு வேலைக்குப் போறா. ஏர்போட்ல விட்டுட்டு வாறேன்.”

கராஜ்காரர் குனிந்து பின் சக்கரத்து ஸ்பிரிங்கைப் பார்த்தார்.

“பின் ஸ்பிரிங்க ரெண்டு பேருக்கு இறுக்கி வச்சிருக்கீங்க. தனியா வந்தா ஆடத்தான் செய்யும். அவங்க எப்ப வருவாங்க?”

“ரெண்டு வருசமாகும்.”

“அப்ப லூசாக்கிரவா?”

“ஒரு ஆளுக்கே வச்சிருங்க தம்பி” என்றவர், குனிந்து, மனைவி கால் வைத்துப் போன கம்பிகளை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டார்.